ஆடியில் எடுத்த கார்

கார் வாங்குவதென்று நான் முடிவு செய்தது ஒரு பஸ்ஸில். இரண்டாயிரத்து எட்டாம் வருடம், மாசி மாதக் கடைசி. அப்போது நான் சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். வீடு உத்தமபாளையத்தில். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவேன். மருந்துப் பெட்டி கால்களுக்கு நடுவில் இருக்கும். கயிறும் கம்பூட்ஸும் பின்சீட்டில் கட்டியிருக்கும்.

அன்றைக்கு ஒரு திராட்சைத் தோட்டத்தில், பசுவின் வயிற்றுக்குள் கன்று தலையைத் திருப்பிக்கொண்டு வர மறுத்தது. மதியம் ஆரம்பித்து வெயில் இறங்கும்வரை, தோள்வரைக்கும் கையை விட்டுக் கன்றை நேராக்கி, உயிரோடு வெளியே எடுத்தோம். தாயும் பிழைத்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தால் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. தோட்டத்துக்காரர் நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இத இங்கனயே விட்டுட்டுப் போங்க. காலைல மெக்கானிக்கக் கூட்டியாந்து காட்டிக்கிறேன்" என்றார்.

ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன். பெண்கள் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அம்மா எழுந்து நின்றுகொண்டார். முன்சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். கண்டக்டர் வந்து, மிகுந்த மரியாதையோடு, "அம்மா, கடைசி சீட்டுக்கு வந்துருங்களேன். அங்கன மீன் கூடைக்காரம்மா இருக்காக. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்" என்றார்.

போனேன். மீன்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, இன்னொரு தடவை குளித்து, என் கணவரிடம் சொன்னேன்: "நான் கார் வாங்கப் போறேன்."

அவர் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். செய்தித்தாளை இறக்கி, "எந்தக் கார்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்குத் தேவை அதிகம், அளிப்பு குறைவு" என்றார். செய்தித்தாள் மறுபடி மேலே போனது. அவரளவில் ஆலோசனை முடிந்துவிட்டது.

அவர் சொன்னது உண்மைதான். அது அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சின்ன டீசல் கார். மண் பாதையில் அடி தட்டாது. திராட்சைப் பந்தலின் கல்தூண்களுக்கு நடுவே திருப்பலாம். பின்சீட்டை மடக்கினால் ஒரு கன்றுக்குட்டியைக்கூட ஏற்றலாம். எனக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் அதில் இருந்தது. பள்ளத்தாக்கில் இருந்த மற்ற எல்லாருக்கும் அதே கார்தான் வேண்டியிருந்தது. மில்காரர்கள், ஏலக்காய்க்காரர்கள், வக்கீல்கள், மகளுக்குச் சீராகக் கொடுக்க நினைத்தவர்கள் என்று ஆளாளுக்குப் பதிந்துவைத்திருந்தார்கள்.

விலை பேச யாரைக் கூட்டிப் போவது என்ற கேள்வியே எங்கள் குடும்பத்தில் எழாது. என் அண்ணனைத்தான். அவர் கம்பத்தில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருந்தார். சொந்தத்தில் கல்யாணப் பட்டு எடுக்க, நிலம் முடிக்க, ஃபிரிட்ஜ் வாங்க, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் அழைப்பார்கள். அவருடைய முறை எளிமையானது. பொருளைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். விலை கேட்பார், சிரிப்பார். தன் விலையைச் சொல்வார். பிறகு எழுந்து நடப்பார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். கூப்பிடாத கடைக்காரரை நாங்கள் பார்த்ததில்லை.

"ஒண்ணும் பேசாத ஆத்தா" என்று அண்ணன் என்னிடம் தேனி பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டார். "பொருள் நமக்குப் பிடிச்சிருக்குன்னு மொகத்துல தெரியக்கூடாது. மாப்ள, நீங்களும்தான்."

என் கணவர் முகத்தில் பொதுவாக எதுவும் தெரியாது. அதனால் கவலைப்பட வேண்டியது நான் மட்டும்தான்.

ஷோரூம் மதுரை ரோட்டில் இருந்தது. முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி. டை கட்டிய ஓர் இளைஞர் ஓடிவந்து, அண்ணனுக்கும் என் கணவருக்கும் கை கொடுத்தார். எனக்கு ஒரு கிளாஸ் ஜூஸ் கொடுத்தார்.

அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடினார். விரலை மடக்கிக் கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, தகரம் ரொம்ப மெல்லிசா இருக்கு?"

"ஆமா சார். வெயிட்டு கம்மி. அதுனாலதான் மைலேஜ் தருது."

"பின்னாடி எடம் பத்தாதே?"

"கரெக்ட் சார். சின்ன வண்டி. அதான் பார்க்கிங் ஈஸி."

அண்ணன் குறை சொல்லச் சொல்ல, அந்தத் தம்பி ஒவ்வொன்றையும் நன்றியோடு வாங்கிக்கொண்டார். கடைசியில் அண்ணன் விலையைக் கேட்டார். தம்பி சொன்னார். அண்ணன் சிரித்தார். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தார். இது அண்ணனுக்குப் புதிது.

"இது ஷோரூம் விலை சார். இதுக்கு மேல ரிஜிஸ்ட்ரேஷன், டாக்ஸ், இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங் சார்ஜ். அப்புறம் எசென்ஷியல் கிட் ஒரு முப்பதாயிரம் வரும்."

"அதுல என்ன இருக்கு?" என்றார் என் கணவர். ஷோரூமுக்குள் வந்தபின் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"சீட் கவர், மேட், மட் ஃபிளாப், பெர்ஃப்யூம், வண்டிய மூடுறதுக்கு ஒரு கவர், டேஷ்போர்டுல வைக்க ஒரு பிள்ளையார்."

"நாங்க கிறிஸ்தவங்க தம்பி" என்றார் அண்ணன். இந்த ஓர் இடத்திலாவது விலை உடையும் என்று நினைத்திருப்பார்.

"மாதா இருக்கு சார்" என்றார் தம்பி. "லைட் எரியும்."

"இந்தக் கிட்டு வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம் சார். கட்டாயமே இல்ல. ஆறு மாசம் ஆகும்."

"வேணும்னா?"

"ரெண்டு மாசம்."

என் கணவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப சீட் கவர் விலை இல்ல அது. நாலு மாசத்தோட விலை" என்றார். தம்பி அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, "சாருக்கு என்ன கலர்ல பார்க்கலாம்?" என்று கேட்டார். முதலில் அண்ணனிடம். அப்புறம் என் கணவரிடம். அவர் என்னைப் பார்த்தார். நான் பேசக்கூடாது என்பதால் ஜூஸைப் பார்த்தேன்.

அண்ணன் தன் விலையைச் சொன்னார். கிட் கூடாது, ஹேண்ட்லிங் கூடாது, ஷோரூம் விலையிலும் பத்தாயிரம் குறைக்க வேண்டும். தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, "வாய்ப்பில்ல சார்" என்றார். கோபமில்லாமல், வருத்தமில்லாமல், இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அண்ணன் எழுந்தார். "வாங்க மாப்ள. ஆத்தா, எந்திரி. ஊர்ல இவுக ஒருத்தர்தான் கார் விக்கிறாகளாக்கும்."

நடந்தோம். அண்ணன் இப்படி நடப்பதில் ஒரு நிதானம் உண்டு. கோபமாகத் தெரியும், ஆனால் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தைவிட்டு விலகாது. கண்ணாடிக் கதவில் ஒரு நொடி நின்றார். படியில் நின்று செருப்பைச் சரிசெய்தார். கேட் அருகே நின்று என் கணவரிடம் மணி கேட்டார். அண்ணன் கையிலேயே வாட்ச் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் கேட்டை அகலமாகத் திறந்து சல்யூட் அடித்தார்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் செல்போனை மேஜைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். "பத்து நிமிசத்துல வரும் பாருங்க." அவர் அந்தத் தம்பியிடம் நம்பர் கொடுக்கவில்லை என்பது இரண்டாவது டீயின்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. அதை யார் சொல்வது என்று நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துக்கொண்டு போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

கம்பம் பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவன் பொருள் அழுகாது ஆத்தா" என்றார்.

அண்ணன் வாழ்நாள் முழுக்க அழுகும் பொருளோடுதான் இருந்தவர். விடியலில் லோடு வந்து இறங்கினால் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். விற்பவன், வாங்குபவன் இரண்டு பேருக்கும் அது தெரியும். அந்தப் பயத்தின்மேல்தான் அவர் விலை பேசிப் பழகியிருந்தார். எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காத ஒரு பொருள் முன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கார் இல்லாவிட்டாலும் போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மதுரைக்கும் போனோம். அங்கே ஷோரூம் பெரியது, கிட்டும் பெரியது. டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். டோக்கன் முறை வந்ததும் ஒரு பெண், "எட்டு மாசம் சார்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அண்ணன் நடந்து காட்ட அங்கே அவகாசமே கிடைக்கவில்லை. கோட்டயத்தில் எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று கம்பத்து ஜீப் டிரைவர் ஒருவர் சொன்னார். "சேட்டனுக நல்லா பேசுவாக, வெலயும் கொறைப்பாக" என்றார். அந்த மாநிலத்தில் வரி கட்டி, அதை நம் மாநிலத்துக்கு மாற்றி, மறுபடி வரி கட்ட வேண்டும் என்று என் கணவர் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினார். அந்த யோசனை அத்தோடு போனது.

சித்திரையில் ஒரு நாள் ஆபீஸ் வேலையாகத் தேனிக்குப் போனவள், தனியாகவே அந்த ஷோரூமுக்குள் நுழைந்து பதிந்தேன். கிட் வேண்டாம் என்றேன்.

"ஆறு மாசம் ஆகுமே மேடம்?" என்றார் டை கட்டிய தம்பி.

"ஆகட்டும்."

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எந்த சார்?"

அவர் சற்று யோசித்துவிட்டு ரசீது போட்டார்.

அந்த இடைவெளியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கம்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல். சொல்லிக்கொடுத்தவர் முன்னாளில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். குமுளி மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய அவருக்கு நேர் ரோட்டில் நம்பிக்கை இல்லை. நேரான ரோட்டில்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்பது அவர் கருத்து. வாழைக்காய் லாரி எதிரே வந்தால் பிரேக் பிடிக்காமல் அவர் என்னிடம் கேள்வி கேட்பார். "இப்ப என்ன செய்வீங்க டாக்டரம்மா?" நான் பதில் சொல்வதற்குள் லாரி போய்விடும். "நல்ல பதில்" என்பார். எப்படியோ லைசென்ஸ் கிடைத்தது. கடனும் அனுமதியாகி, பாங்க்கில் காசோலை போடத் தயாராக இருந்தது. கார்தான் இல்லை.

ஆடி பிறந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி என்றால் காற்று. வாழை சாயும், ஓடு பறக்கும், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் காற்றில் ஒரு மதியம், தேனியில் இணை இயக்குநர் ஆபீஸில் மீட்டிங் முடிந்து, கல்லூரி வேலையாக வந்திருந்த என் கணவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் துணிக்கடைகளில் ஆடித் தள்ளுபடி என்று பேனர்கள் படபடத்துக்கொண்டிருந்தன. ஷோரூமைத் தாண்டும்போது அதன் பக்கவாட்டு முற்றத்தைப் பார்த்தேன். நான் பதிந்திருந்த அதே கார். ஒன்றல்ல. இரண்டு வரிசையாக, புழுதி படிந்து நின்றன.

"உள்ள போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"மீதி மூணு மாசம் இருக்கே" என்றார் அவர்.

"அதத்தான் கேக்கணும்."

உள்ளே ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. சேல்ஸ் ஆட்கள் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய தம்பி எழுந்து வந்தார். முற்றத்து வண்டிகளைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லாம் புக்கான வண்டி மேடம். முறை வந்திருச்சு. பார்ட்டிகதான் ஆடி முடியட்டும்னு சொல்லிட்டாக."

"காசு கட்டியாச்சா?"

"அதுவும் ஆவணில."

மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். கண்ணாடி அறைக்குள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி, பல நாளாகத் தூங்காத கண்கள். அவரும் முதலில் என் கணவருக்கு நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். என் கணவர் சுவர் ஓரம் இருந்த இன்னொன்றில் உட்கார்ந்தார்.

"சார், வெளிய நிக்கிற வெள்ளை வண்டில ஒண்ண எனக்குக் குடுங்க. முழுப் பணத்துக்கும் நாளைக்கே செக் வரும்."

"அதெல்லாம் பார்ட்டிது மேடம்."

"அவுக எப்ப எடுக்குறாக?"

"ஆவணி முதல் முகூர்த்தம்."

"அடுத்த லோடு எப்ப வரும்?"

"ஆடிக் கடைசில."

"அப்ப அதுல இருந்து அவுகளுக்குக் குடுக்கலாம். அவுகளுக்கு ஒரு நாளும் தள்ளிப்போகாது. எனக்கு மூணு மாசம் முன்னாடி வரும். ஒங்களுக்குப் பணம் நாளைக்கே வரும்."

மேனேஜர் என் கணவரைப் பார்த்தார். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடியில எடுத்தா நல்லாருக்காதும்பாக மேடம்."

"யாருக்கு சார்?"

"வண்டிக்கு."

"எங்களுக்கு ஆடி இல்ல சார். எனக்கு வர்ற மாடுகளுக்கும் இல்ல. அதுபாட்டுக்கு ஆடியிலயும் கன்னு போடுது."

அவர் வெளியே முற்றத்தைப் பார்த்தார். காற்று கண்ணாடியை அறைந்தது. பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார். கம்பெனிக்கு இவர்கள் முன்கூட்டியே பணம் கட்டித்தான் வண்டியை இறக்குகிறார்கள். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பணத்துக்கு வட்டி ஓடுகிறது. ஆனி மாதம் கூட்டத்தைத் தாங்க முடியவில்லை. ஆவணியில் கதவை உடைப்பார்கள். நடுவில் இந்த ஒரு மாதம். மேலிடத்தில் இருந்து தினமும் போன் வருகிறது. அவர்கள் வடக்கே இருக்கிறார்கள். ஆடி என்றால் என்னவென்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துவிட்டார். அவர்களுக்குப் புரியவில்லை.

அண்ணன் பஸ்ஸில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இந்தப் பொருளும் அழுகத்தான் செய்கிறது. வருஷத்தில் ஒரு மாதம். அப்படி அழுகும்போது யாரும் வாங்க வருவதில்லை, அவ்வளவுதான்.

"சரி மேடம்" என்றார் மேனேஜர். "ஒரு வண்டி குடுக்கலாம். கிட் ஏற்கெனவே மாட்டியாச்சு. அதுமட்டும் சேர்ந்து வரும்."

"கழட்டிருங்க சார்."

"கழட்டுனா சீட் கவர என்ன செய்யறது?"

"அடுத்த வண்டிக்கு மாட்டுங்க. அளவு ஒண்ணுதான."

"இழுத்துக் கழட்டுனா கிழிஞ்சிரும் மேடம்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். நான் காசு தரல."

அவர் மூக்கின் மேல்புறத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அடுத்தது இன்சூரன்ஸ். இங்கேதான் போட வேண்டும் என்றார். ரூலா என்று கேட்டேன். ரூல் இல்லை, வழக்கம் என்றார். உத்தமபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஏஜென்ட்டிடம் போட்டுக்கொள்கிறேன், அதுவும் என் வழக்கம்தான் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

"ஹேண்ட்லிங் சார்ஜுன்னா என்ன சார்?"

"வண்டியக் கையாள்றதுக்கு மேடம்."

"சார், நான் எருமையக் கையாள்றேன். அதுக்குத் தனியாக் காசு கேட்டா என்னைய ஊருக்குள்ள விடமாட்டாக."

சுவர் ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் கணவர் சிரித்திருக்கிறார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் பொது இடத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல்முறை.

மேனேஜர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பேசினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடக்கவும் இல்லை, இன்னொரு விலை சொல்லவும் இல்லை. தொழிலில் நான் கற்றது அது ஒன்றுதான். மாடு முக்காதபோது கன்றை இழுக்கக்கூடாது. கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அவர் திரும்பி, "ஷோரூம் விலை, ரிஜிஸ்ட்ரேஷன், டாக்ஸ். வேற ஒண்ணும் இல்ல. சரியா மேடம்?" என்றார்.

சரி என்றேன். அதாவது ஒரு காருக்கு என்ன விலை என்று அச்சிட்டுத் தொங்கவிட்டிருந்தார்களோ அந்த விலைக்கு அந்தக் காரை வாங்கிவிட்டேன். அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. வெளியே வந்தபோது பெரிய வெற்றி அடைந்ததுபோல இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை டெலிவரி எடுத்தோம். மற்ற நாட்களில் மாலை, தேங்காய், கைதட்டல் எல்லாம் உண்டாம். ஆடிச் செவ்வாய் என்பதால் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட ஆள் முன்வரவில்லை. ஷோரூம் போட்டோகிராபர் மட்டும் வந்தார். டை கட்டிய தம்பி அட்டையில் செய்த பெரிய சாவியை என் கணவர் கையில் கொடுத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் என் கணவர்.

"போட்டோவுக்குத்தான் சார்."

"போட்டோவுலயும் தெரியாது" என்று சொல்லி, சாவியை என்னிடம் நீட்டினார். அந்தப் போட்டோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் நான் சாவியோடு நிற்கிறேன். தம்பி இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தேனியிலிருந்து உத்தமபாளையம்வரை நான் ஓட்டினேன். காற்று காரை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. என் கணவர் இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஓட்டுற" என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் சொன்னார். ஊரில் எங்கள் சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். காற்றில் தீர்த்தம் பாதி என் மேலும் பாதி பக்கத்து வீட்டு ஆட்டின் மேலும் விழுந்தது.

அண்ணன் ஆடி முடியும்வரை வண்டியைப் பார்க்க வரவில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடி பார்க்காத குடும்பம்தான். ஆனால் மண்டியில் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த எல்லாரும் ஆடி பார்ப்பவர்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க இவருக்கும் அது ஒட்டிக்கொண்டது. போனில் மட்டும் பேசினார். "மெதுவா ஓட்டு ஆத்தா. ரொம்ப தூரம் போகாத. ஆவணி பொறந்ததும் எங்க வேணா போ." மருந்தகத்துக்கு விடுமுறை விட முடியாது என்றேன். "மாட்டுக்காரங்கள வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையிலேயே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றினார். உள்ளே உட்கார்ந்து சீட் கவரைத் தடவினார். எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சீட் கவரு?"

"சும்மாதான்."

"ஹேண்ட்லிங்கு?"

"இல்லண்ணே."

அவர் மறுபடி சீட் கவரைத் தடவினார். "எப்படி ஆத்தா?" என்றார். அண்ணன் என்னிடம் விலை பேசுவதைப் பற்றிக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நடந்ததையெல்லாம் சொன்னேன். வட்டி ஓடுவது, வடக்கேயிருந்து போன் வருவது, முற்றத்தில் வண்டிகள் புழுதி படிந்து நின்றது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் புரிந்தது அவருக்கு. என்னைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

அந்த வாரமே போய் அவரும் அதே காரைப் பதிந்தார். நல்ல நாள் பார்த்து, ஆவணியிலேயே வேண்டும் என்று கேட்டு, யாரோ வேண்டாமென்று விட்ட வண்டியைப் பிடித்து, கிட்டும் ஹேண்ட்லிங்கும் எல்லாம் கொடுத்து எடுத்தார். டெலிவரி அன்று அவரோடு சேர்த்து ஏழெட்டுக் குடும்பம் மாலையோடு வரிசையில் நின்றார்களாம். "அடுத்த ஆடிவரைக்கும் பொறுத்திருக்கலாமேண்ணே" என்றேன்.

"மண்டியில நாலு பேர் பாக்குறாக ஆத்தா" என்றார். "தங்கச்சிகிட்ட கார் இருக்கு, நம்மகிட்ட இல்லேன்னா எவன் லோடு எறக்குவான்?" அவர் வண்டியில் மாதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. என்ன விலை கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை பலமாக இருந்தது. ஒரு நாள் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்துப் பாதைச் சேற்றில் வண்டி இறங்கிவிட்டது. மாட்டுக்காரரும் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேரும் வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் சுற்றி அத்தனை பேர் மேலும் சேற்றை அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே மாட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"டாக்டரம்மா, கேக்கணும்னே இருந்தேன். வண்டிய எம்புட்டுக்கு எடுத்தீக?"

சொன்னேன்.

அவர் திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம் விலையைச் சொன்னார். எல்லாரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள்.

"நல்லா ஏமாத்திப்புட்டாக ஒங்கள" என்றார். "என்னையக் கூட்டிட்டுப் போயிருந்தீகன்னா ஒரு இருபதாச்சும் கொறச்சுக் குடுத்திருப்பேன். சரி விடுங்க. எஞ்சினப் போடுங்க, இன்னொரு தம் புடிப்போம்."

எஞ்சினைப் போட்டேன். அவர்கள் தள்ளினார்கள். வண்டி மேலே ஏறியது.